கம்பெனி பஸ்ஸில் பாடியவள்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் வாயைக் கொஞ்சம் பார்த்துத்தான் திறக்க வேண்டும். நாம் பாட்டுக்கு வீட்டுக் கதை எதையாவது சொல்லிக்கொண்டு வருவோம். நடுவில் சட்டென்று நம் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னா சொன்ன? அத்த இன்னொரு வாட்டி சொல்லு" என்பாள். சொன்னதைத் திருப்பிச் சொல்வோம். உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். இரண்டு மூன்று நாள் கழித்து, பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது, நாம் சொன்ன அதே வார்த்தை ராகத்தோடு வெளியே வரும். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். யார் வீட்டுக் கதை என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பஸ்ஸில் அவளை எல்லோரும் 'பாட்டு' என்றுதான் கூப்பிடுவோம். "பாட்டு, எனக்கொரு சீட்டு போட்டு வை" என்போம். அவளும் அதற்கே திரும்புவாள்.

அவளுக்கு நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவர் குப்பம். நான் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊரில் ஏறுவேன். சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டி, கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே லைனில் வேலை. சிவப்பு, பச்சை, மஞ்சள் ஒயர்களைப் பலகையில் இழுத்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அங்கே பேசக் கூடாது என்பதால் பேச்செல்லாம் பஸ்ஸுக்கென்று சேர்ந்துவிடும்.

ஒரு நாள் நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் நிலத்தை மனைக்காக விற்ற பிறகு அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். டீக்கடைக்கு நேர்வழி அந்த நிலத்தை ஒட்டித்தான். ஆனால் அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். இதை நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வாரமே பாடினாள்.

நேர் வழி நாலு எட்டு, எங்கப்பன் போறது ஊரச் சுத்தி
வித்த மண்ணு பாத்துடும்னு வெக்கப்பட்டு ஊரச் சுத்தி

நான் சிரிப்பாகச் சொன்னதை அவள் பாடியதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது என்னை அறியாமல் அதையே முணுமுணுத்திருக்கிறேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு கட்டுன பாட்டு இது?" என்று கேட்டார்.

"எங்கூட வேலை செய்யற பொண்ணுப்பா."

"அந்தப் பொண்ணு நம்ம ஊருக்கு வந்துகீதா?"

"இல்லப்பா. நான்தான் சொன்னேன்."

 மறுநாளும் அவர் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போனார்.

அவள் குரலை இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கரகரப்பு. சிறு வயதில் அம்மாவோடு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிய குரல். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவும் அவளும் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று விற்கப் போவார்கள். "எங்கம்மா மீன எடை போட்டுகினு இருக்கும். மீன் வாங்க வந்த அக்கா வஞ்சிரத்தப் பாத்துகினே தன் புருசன் கதையச் சொல்லும். எங்கம்மாவுக்கு அதெல்லாம் காதுல ஏறாது. நான்தான் நின்னு கேட்டுகினு இருப்பேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும் பஸ்ஸில் காலிக் கூடையைத் தட்டிக்கொண்டு அந்தக் கதைகளைப் பாடுவாளாம். அம்மா தலையில் குட்டுவாராம்.

ஊர் அறிய அவள் முதலில் பாடியது பத்தாம் வகுப்பில். அவள் குப்பத்தைக் கடல் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரை உள்ளே வரும். ஒரு வரிசை வீடு போய்விட்டது. பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, ஊர்ப் பெரியவர்கள் மனு கொடுத்தார்கள். வரவேற்புப் பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வேண்டும் என்று இவளை நிறுத்தினார்கள். இவள் வரவேற்பெல்லாம் பாடவில்லை.

வல காயவச்ச மேட்டக் காணம், எல்லம்மா வூட்டு அடுப்பக் காணம்
கெழக்கால நின்ன வேம்பக் காணம், ஊஞ்ச கட்டுன கிளையக் காணம்
படகு நிறுத்த எடமில்ல, பாய் விரிக்க மணலில்ல
கடலே, உங் கால எங்க வச்சி நிறுத்துவ?

எந்த வீடு எந்த வருடம் போனது என்று வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறாள். பெண்கள் அழுதார்கள். அதிகாரி கை தட்டினார். "பிரமாதமா பாடறியேம்மா, நல்லா படி" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஊர்க்காரர்களும் கை தட்டினார்கள். வண்டிகள் போய்விட்டன. அடுத்த மழைக்காலத்தில் இவள் வீட்டின் பின்சுவரும் சமையல்கட்டும் போயின. "வாய வச்சிகினு சும்மா இருந்தியா? அத்தினி வூட்டையும் சொல்லி நம்ம வூட்டச் சொல்லாம வுட்ட. கடலுக்கு ஞாபகம் வந்துடுச்சி" என்று அம்மா திட்டினாராம். அம்மா அதைக் கோபத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

கம்பெனியில் அவளைப் பிரபலமாக்கியது சூப்பர்வைசர் பாட்டு. ஷிப்ட் முடியும் நேரத்தில் அவர் வந்து, "ரெண்டே நிமிசம், ரெண்டே நிமிசம்மா" என்று கெஞ்சுவார். அந்த இரண்டு நிமிடம் ஒரு நாளும் இரண்டு நிமிடத்தில் முடிந்ததில்லை.

ரெண்டே நிமிசம்னாரு, ரெண்டு மணி ஆயிப்போச்சி
ரெண்டே நிமிசம்னாரு, ரெண்டு பஸ்ஸு போயிப்போச்சி
ரெண்டே நிமிசம் சாரே, எங்க ஆயுசு ஓடிப்போச்சி

பஸ்ஸே குலுங்கியது. டிரைவர் அண்ணன் ஹாரனாலேயே தாளம் போட்டார். அந்தப் பாட்டு மற்ற லைன்களுக்கும் பரவி, கடைசியில் சூப்பர்வைசர் காதுக்கும் போனது. அவர் அவளைக் கூப்பிட்டு, "நான் அப்படியா பேசறேன்?" என்று கேட்டார். "நீங்க சொன்னதுதானே சார்" என்றாள். இதுதான் அவள் எப்போதும் சொல்லும் பதில். தன் வரியை முன்பின் சேர்ப்பாள், ஆனால் ஒருவர் சொன்ன வார்த்தையை அவள் மாற்றமாட்டாள். அழகுக்காகக்கூட மாற்றமாட்டாள். எதுகைக்காக ஒரு சொல்லை மாற்றலாமே என்று நான் சொன்னால், "அது அவங்க சொன்னது இல்லியே" என்பாள்.

எல்லோரும் சூப்பர்வைசர் மாதிரி சிரித்துவிட்டுப் போகமாட்டார்கள். எங்களோடு கோமளா என்றொரு அக்கா இருந்தார். சிரித்த முகம். ஒரு நாள் அவளிடம் தாழ்ந்த குரலில், கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'ஏய்' என்பதோடு சரி என்று சொல்லியிருக்கிறார். அது பாட்டாகிவிட்டது.

பெத்தவங்க வச்ச பேரு பெட்டிக்குள்ள தூங்குது
ஏய்னு ஒரு சத்தம் வந்தா எங் கழுத்து திரும்புது

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவரவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களில் நிறையப் பேருடைய பெயர் பெட்டிக்குள்தான் இருந்திருக்க வேண்டும். கோமளா அக்கா எழுந்து, "உங்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. பிறகு வேலையை விட்டுப் போகிற அன்று, பையோடு எங்கள் சீட்டுக்கு வந்து நின்றார். "அந்தப் பாட்ட என் போன்ல பாடிக் குடு" என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி, கம்பெனி வாசலில், ஷிப்ட் மாறும் கூட்டத்தில், அவள் பாடினாள். கோமளா அக்கா போனைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

"நீ செய்றது சரியா?" என்று அன்று நான் கேட்டேன்.

"தெரியல. உள்ள வச்சிகினா எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். செய்யூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் அந்த அக்காவைப் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் அந்த அழைப்பு வரும். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பாள். அக்காவின் பேச்சு எப்போதும் அவசரமாக, ஒரே மாதிரி இருக்கும். நீ துன்னியா என்று கேட்பாள். நான் நல்லாதான் கீறேன் என்பாள். பாப்பா தூங்குது, சத்தமா பேசாத என்பாள். இவள் ஏதாவது துருவிக் கேட்டால், தண்ணி வந்துடுச்சி, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாள். எப்போதாவது வைக்கும் முன் ஒரு நொடி நின்று, "அம்மாகிட்ட சொல்லாத" என்பாள்.

"இன்னாத்த சொல்லக் கூடாது? நீ ஒன்னியும் சொல்லவே இல்லியே?" என்று இவள் கேட்பாள்.

"ஒன்னியும் இல்ல. சொல்லாத."

அந்த வார்த்தைகளை மட்டும் இவள் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை.

ஒரு நாள் அந்த அழைப்பு வரவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மறுபடி லைனில் போய் நின்றோம். ஒயர் கட்டிக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து வந்து இவளை அழைத்துப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவள் யாரிடமோ போனில் பேசுவது தெரிந்தது. பேசி முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தாள். அக்கா வீட்டுக்குள்ளேயே தூக்கில் தொங்கியிருந்தாள். பாப்பாவுக்கு அப்போது ஒரு வயதுதான் முடிந்திருந்தது.

கல்யாணமாகிச் சில வருடங்களே ஆகியிருந்ததால் விசாரணை நடந்தது. இவள் அம்மா போய், எங்களுக்கு யார் மேலேயும் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி பிணவறைக்கு வெளியே, மரத்தடியில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "கேசு கீசுன்னு போனா கொழந்த யாருகிட்ட இருக்கும்னு நெனச்சிப் பாருங்க. பொம்பளப் புள்ள. நாங்கதானே வச்சிக் காப்பாத்தணும்?" பாப்பா அக்காவின் மாமியார் இடுப்பில் இருந்தது. இவள் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவாள், தூரத்தில் மதில்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் ஆரம்பத்திலிருந்தே அதிகம் பேசாதவர்.

அடித்தார்களா, என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கும் முழுதாகத் தெரியாது. அந்தப் போன் பேச்சு ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

கருமாதிக்கு நானும் பஸ்ஸிலிருந்து இன்னும் நாலு பேரும் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் மணல்மேல் பந்தல். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மாமியார்தான் நடுவில். வீட்டுக்கு விளக்கேற்ற வந்த மகாலட்சுமியே என்று எடுத்து எடுத்துப் பாடினார். நன்றாகத்தான் பாடினார். இவள் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் இவள் ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. பேசுவது மாதிரியே இருந்தது.

நான் நல்லாதான் கீறேன், நீ துன்னியா?
தண்ணி வந்துடுச்சி, அப்புறம் பேசறேன்
பாப்பா தூங்குது, சத்தமா பேசாத
நான் நல்லாதான் கீறேன், அம்மாகிட்ட சொல்லாத

இதில் யாரையும் குற்றம் சொல்லும் ஒரு வார்த்தை இல்லை. இந்த நாலு வரிகளையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்திப் பாடினாள். கடைசியில் ஏறக்குறைய காதோடு சொல்வது மாதிரி இருந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சிலர் மாமியாரைப் பார்த்தார்கள். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "சொல்லலியே, எங்கிட்ட சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். அதைச் செத்துப்போன மகளைப் பற்றிச் சொன்னாரா, பக்கத்தில் இருந்த மகளிடம் சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை. இவளுக்குப் புரிந்திருக்கும்.

பந்தலில் யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். வாரம் முடிவதற்குள் அது எங்கேயெல்லாமோ போய்விட்டது. பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் போனில் அந்தக் குரல் கேட்டபோது நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பாடகியானது இப்படித்தான். அதன்பிறகு கூப்பிட ஆரம்பித்தார்கள். செங்கல்பட்டில் ஒரு கலை நிகழ்ச்சி, அப்புறம் கல்லூரிகள், படாளம் பக்கத்தில் திருவிழா, சென்னையில் மேடைகள். வேலையை விட்டுவிட்டாள். முதல் மேடைக்கு நான்தான் உடன் போனேன். பறை அடிப்பவர்கள் நாலு பேர் அவளுக்கு வாசித்தார்கள். கடல் பாட்டு, சூப்பர்வைசர் பாட்டு, எங்கப்பா பாட்டு எல்லாவற்றுக்கும் பறை உண்டு. கருமாதியில் பாடிய பாட்டு வந்ததும் அவர்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, இதுக்கு வாணாம்" என்றாள். வெறும் குரலில் பாடினாள். முடிந்ததும் கை தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஒரு பெண் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "எம் பொண்ணும் போன்ல இப்பிடித்தாம்மா பேசறா. நான் இப்பவே கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினார். அன்று ஊர் திரும்பும்போது அவள் முகத்தில் நான் கண்ட நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "அந்தம்மா போய்ச் சேந்துருக்கும் இல்ல?" என்று பஸ்ஸில் மூன்று நான்கு தடவை கேட்டாள்.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். துன்னியா என்பது கொச்சையாக இருக்கிறது, சாப்பிட்டாயா என்று பாடச் சொன்னார்கள்.

"எங்கக்கா அப்டி பேசாது சார்."

"பாட்டுல பேசலாம்மா."

"அப்ப அது எங்கக்கா இல்ல சார்" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள். சில மாதங்களில் வேறொரு பெண் நல்ல குரலில், வேகமான தாளத்தில் அதைப் பாடினாள். சாப்பிட்டாயா என்றுதான். இப்போது நீங்கள் கல்யாண மண்டபங்களில்கூடக் கேட்பது அதைத்தான். யாருடைய பாட்டு என்பது யாருக்கும் நினைவில்லை.

இதற்கிடையில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், நம் வீட்டு விஷயத்தையும் பாட்டாகக் கட்டிவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறு வருத்தம் இருந்தது. கருமாதி நாளுக்குப் பிறகு பாப்பாவைக் கண்ணில் காட்டவே இல்லை. அவள் அம்மா இரண்டு முறை செய்யூர் பஸ் ஏறிப்போய், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். பொம்மையும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போன பை அப்படியே திரும்பி வந்தது.

பாப்பாவுக்கு நாலு வயது இருக்கும்போது அக்கா புருஷனும் இரண்டு பெரியவர்களும் இவர்கள் குப்பத்துக்கு வந்தார்கள். நான் அன்று அங்கே இருந்தேன். டீ கொடுத்தார்கள். கடல் ஓரத்தில் கொட்டியிருந்த பாறைகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு ஒரு பெரியவர் சொன்னார்.

"நாங்க தெருவுல தல காட்ட முடியல. எங்க போனாலும் அந்தப் பாட்டு. இவன் கடலுக்குப் போனா கூட வர்றவன் வாயில அந்தப் பாட்டு. உங்க பொண்ணு அத்த மேடையில பாடறத நிறுத்தட்டும். கொழந்தைய லீவுல அனுப்பி வைக்கறோம்."

அக்கா புருஷன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள். இவனா என்று நான் யோசித்தேன். அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

அவள் அம்மா அவளைப் பார்த்தார். 

"மே மாசம் முழுக்க அனுப்பணும்" என்றாள் அவள். "பொங்கலுக்கும்."

"அனுப்பறோம்."

"சரி."

அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர்கள் போனதும் நைனா எழுந்து, அவள் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டு வெளியே போனார்.

அந்த டிசம்பரில் மாமல்லபுரத்தில் ஒரு மேடை. நல்ல கூட்டம். அவள் கடல் பாட்டைப் பாடினாள், கோமளா அக்கா பாட்டைப் பாடினாள். கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தது. நல்லாதான் கீறேன், நல்லாதான் கீறேன் என்று கை தட்டிக்கொண்டே பின்வரிசை கத்தியது. அக்கா உயிரோடு இருந்தபோது ஒருவர் காதுக்கும் போய்ச் சேராத வார்த்தையை அத்தனை பேர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "அது எனக்கு மறந்துபோச்சிங்க" என்று மைக்கில் சொன்னாள். கூட்டம் சிரித்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். அவள் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள். பறைக்காரர்களில் மூத்தவர் மட்டும் அவள் பின்னால் எழுந்து வந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

அந்தப் பாட்டு இல்லாமல் அவளை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு மறுபடி கம்பெனிக்கே வந்துவிட்டாள். அதே பஸ், அதே ஜன்னல் ஓரம். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவளை அடையாளம் கண்டு பாடச் சொல்வார்கள். தொண்டை சரியில்லை என்பாள். நான் கவனித்தது வேறொன்று. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால், அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள். அதில் எதுவும் ஓடாது. எனக்குத் தெரியும், ஒரு நாள் எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். யார் சொன்னதையும் அவள் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

ஆனால் மே மாதத்தில் மட்டும் அவள் வேறு ஆள். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிடுவாள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போவாள், ஐஸ்கிரீம் வாங்கித் தருவாள், என் வீட்டுக்கு அழைத்து வருவாள். பெரிய கண்ணும் பெரிய குரலுமாக அந்தப் பெண் ஓயாமல் பேசும். அம்மா காய்ச்சலில் செத்துப்போனதாக அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை முதலில் சொன்னது அந்த வீட்டுக்காரர்கள். பாப்பா இங்கே வந்து, "சின்னம்மா, எங்கம்மாவுக்கு ரொம்பக் காய்ச்சலா?" என்று கேட்டபோது, அவள், "ஆமா, ரொம்ப" என்றாள். ஒருவர் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாதவள் அவள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு முறை செல்போன் கடை வாசலில் ஸ்பீக்கரில் அந்த வேகப் பாட்டு ஓடியது. பாப்பா இடுப்பை ஆட்ட ஆரம்பித்ததும், அவள் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வண்டிகளைக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்துவிட்டாள். நான் இந்தப் பக்கமே நின்றிருந்தேன்.

போன வருடம் அக்கா புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். புதிதாக வந்தவளுக்குக் குழந்தை பிறந்ததும், பெரியவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கொண்டுவந்து இங்கேயே விட்டுவிட்டார்கள். இனிமேல் நிரந்தரமாக இங்கேதான். பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாகிவிட்டது.

செய்தி கேட்டு நான் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் தாண்டிய நேரம். வீட்டின் பின்பக்கம் புதுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாப்பா இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தூரத்தில் பாறைகள்மேல் குதித்துக்கொண்டிருந்தது. எனக்கு மனம் நிறைந்திருந்தது. அவளுக்கு வர வேண்டியது வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இனிமே அவங்க யாரு உன்ன கேக்கறதுக்கு?" என்றேன். "பொண்ணு உங்கிட்டயே வந்துடுச்சி. பாடு. மேடையில ஏறி, உங்கக்கா பேசுன மாதிரியே பாடு. இந்த டான்ஸ் பாட்டக் கேட்டுக் கேட்டு எனக்கே பேஜாரா கீது."

அவள் மீனைத் திருப்பிச் செதில் எடுத்தாள்.

"நெனச்சேன்" என்றாள். "கொண்டாந்து வுட்ட அன்னிக்கே நெனச்சேன்."

"அப்புறம் இன்னா?"

"அப்போ பாடுனா அனுப்ப மாட்டாங்க. இப்போ பாடுனா அவ கேப்பா."

 இன்றைக்கில்லாவிட்டால் என்றைக்காவது பாப்பாவுக்குத் தெரியத்தானே போகிறது, அந்தப் பழைய வீடியோ எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது என்று கேட்க நினைத்தேன். அதை அவள் என்னைவிட அதிகம் யோசித்திருப்பாள். அவள் கழுவிய தண்ணீரை மணலில் ஊற்றினாள். பாறைப் பக்கத்திலிருந்து பாப்பா ஓடி வந்து, ஈரக் காலோடு எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"இன்னா பேசிகினு இருந்தீங்க?" என்று என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டது.

"கம்பெனி கத" என்றாள் அவள்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.